பீப் கேட்டால் பட்டனை அமுக்கவும்

1

ஜெர்மனிக்கு வந்து மூன்று வருஷம் முடிந்த அன்று கேக் வெட்டலாம் என்று இருந்தேன். அதற்குள் மெயில் வந்துவிட்டது. மொழித் தேர்வில் ஃபெயில். இது இரண்டாவது முறை.

வாசிப்பதில் பாஸ், எழுதுவதில் பாஸ், பேசுவதில் நானே எதிர்பார்க்காத மார்க். ஒலிப்பதிவைக் கேட்டுப் பதில் எழுதும் பகுதியில் மட்டும் ஒவ்வொரு தடவையும் படுத்துவிடுகிறேன். ஸ்பீக்கரில் ஒரு பெண் ரயில் எந்த பிளாட்பாரத்துக்கு மாறியிருக்கிறது என்று சொல்வாளாம். எனக்குப் பக்கத்து அறையில் யாரோ வாய் கொப்பளிப்பது மாதிரிதான் கேட்கும்.

எங்கள் மேனேஜர் நல்ல மனிதர். கெட்ட செய்தியைக்கூட காபி வாங்கிக் கொடுத்துத்தான் சொல்வார். "வருஷக் கடைசிக்குள் சான்றிதழ் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் ஒப்பந்தம் முடிந்துவிடும், என் கையில் ஒன்றும் இல்லை" என்றார். எதிரில் உட்கார்ந்து அவர் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.

மொழி வகுப்பு டீச்சர் தினமும் ரேடியோ கேட்கச் சொன்னார். கேட்டேன். சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, குளிக்கும்போது. ஒரு மாதத்தில் எனக்குத் தெளிவாகப் புரிந்தது ஒன்றுதான்: நான் ஒரு மக்கு. காலேஜில் அரியர் வைக்காமல் வந்தவன், முப்பது வயது ஆவதற்குள் மூளை துருப்பிடித்துவிட்டது.

அப்படி முடிவு கட்டியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ் வீட்டு அம்மா மேலேறி வந்து கதவைத் தட்டினார். இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆணி அடித்தால்கூட அக்கம்பக்கத்தில் முறைப்பார்கள். அதனால் அந்த முகத்தைப் பார்த்ததுமே என்ன தப்புப் பண்ணினேன் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

"உங்கள் வீட்டில் ரொம்ப நேரமாக ஏதோ கத்துகிறது."

"எதுவும் கத்தவில்லையே."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். நேராகச் சமையலறைக்குள் போனார், ஃபிரிட்ஜ் கதவு கொஞ்சம் திறந்திருந்ததைத் தள்ளி மூடினார். "அப்பாடா, நின்றுவிட்டது" என்றார்.

எது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. அது ஆரம்பித்ததே எனக்குத் தெரியாது.

அவர் போனபிறகு ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றேன். சண்டைக்காரர்கள் மாதிரி ஃபிரிட்ஜும் நானும் முறைத்துக்கொண்டு நின்றோம். ஒரு சத்தமும் இல்லை. கதவில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது, பிரச்சினை மூளையில் இல்லாமல் இரண்டு இஞ்ச் தள்ளி இருக்கலாம் என்று.

சந்தோஷமாகக் காது டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கப் போனேன். வாசலில் எழுதி ஒட்டியிருந்தார்கள்: முன்பதிவு போனில் மட்டும். காது கேட்கவில்லை என்று சொல்வதற்குப் போன் பண்ண வேண்டும். பண்ணினேன். அந்தப் பக்கம் இருந்தவர் ஏதோ தேதி சொன்னார், நான் ஏதோ தேதி எழுதிக்கொண்டேன். அவர் மெயிலில் உறுதிப்படுத்திய தேதி வேறு. அது என் மூன்றாவது தேர்வுக்கு அப்புறம் வந்தது.

ஊருக்கு டிக்கெட் போட்டேன்.

2

ஃபிளாஷ்பேக். சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

இங்கே வருவதற்கு முன் நாலு வருஷம் சென்னைக்குப் பக்கத்து ஒரகடத்தில், காருக்குப் பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் இருந்தேன். பிரஸ் ஷாப் என்றால் தட்டையான தகடு உள்ளே போய்க் கார் கதவாக வெளியே வரும் இடம். வீடு உயரத்துக்கு மெஷின் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சுக்கூடு ஒருமுறை குலுங்கும். அங்கே யாரும் யாரிடமும் பேசுவதில்லை. பேசினாலும் புண்ணியமில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வோம், மிச்சத்தைக் கையால் சொல்வோம்.

கட்டை விரலைக் கீழே காட்டினால் "அடி", அதாவது பிரஸ்ஸை இறக்கு. காதைத் தொட்டால் சூப்பர்வைசர் வருகிறார், பிளக்கை மாட்டு. ஆரஞ்சு கலர் காது பிளக் எல்லாருக்கும் கொடுத்திருந்தார்கள். எல்லாரும் அதைக் கழுத்தில் மாலை மாதிரிதான் போட்டிருப்போம். மாட்டிக்கொண்டால் மெஷின் சத்தம் மாறுவது தெரியாது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். புதிதாக வந்தவர்கள் பழைய ஆள் மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக மாட்ட மாட்டோம்.

இன்னொரு சைகையும் உண்டு. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காக வைத்தால், லைனை, அதாவது மெஷின் வரிசை மொத்தத்தையும், நிறுத்து. அதை யாரும் லேசில் செய்ய மாட்டார்கள். லைன் நின்றால் சூப்பர்வைசர் வருவார், அவருக்கு மேலே இருப்பவர் வருவார், ஏன் எதற்கு என்று ஆளாளுக்குக் குடைவார்கள். அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. எவன் கையைத் தூக்குகிறானோ, அவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் போய்க் கூடவே நிற்க வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. திட்டு வாங்கும்போது அவன் தனியாக நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

தேசிங்கு கையைத் தூக்கி நான் பார்த்ததே இல்லை. வல்லக்கோட்டைப் பக்கத்து ஆள், ஆபரேட்டர், என்னைவிட இரண்டு வயது பெரியவன். "என் லைனு நிக்காது மச்சி" என்பதை மற்றவர்கள் காலை வணக்கம் சொல்வதுபோல் சொல்வான். எனக்கு உதடு படிக்கக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். முதலில் கெட்ட வார்த்தைகளில் ஆரம்பித்தான். அதுதான் சீக்கிரம் பிடிபடும் என்றான். உண்மைதான்.

வருஷத்துக்கு ஒருமுறை எங்களை பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு மெடிக்கலுக்கு அனுப்புவார்கள். கண் டெஸ்ட்டுக்கு எழுத்துப் பலகையை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போவோம். காது டெஸ்ட்டுக்குத் தேசிங்கு கண்டுபிடித்த ஒரு வழி இருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பவன் பீப் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். வெளியே இருக்கிற மெஷினில் பீப் போகும்போதெல்லாம் டெக்னீஷியன் பக்கமாக ஒரு சின்ன விளக்கு எரியும், உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது. டெக்னீஷியனுக்குப் பின்னால் நிற்பவன் அதைப் பார்த்துக் கட்டை விரலைக் கீழே காட்டுவான். உள்ளே இருப்பவன் அமுக்குவான். எங்கள் ஷாப்பில் ஒருத்தன்கூட அன்ஃபிட் ஆனதில்லை.

3

வெளிநாட்டில் இருப்பவன் லீவில் வந்தால் முதல் வாரம் கோயில், இரண்டாவது வாரம் பல் டாக்டர் என்பது உலகம் அறிந்தது. என்னுடையது நேரே இரண்டாவது வாரத்தில் ஆரம்பித்தது. ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் வீட்டில் நான் டிவி போட்ட முதல் நாளே அம்மா சொல்லிவிட்டாள்: "கொஞ்சம் கொறச்சு வை கண்ணு, கோயில் சன்னதி வரைக்கும் கேக்குது."

தேசிங்கு வீட்டுக்குப் போனேன். மெலிந்திருந்தான், மற்றபடி அதே வாய்.

"வாடா ஜெர்மன் துரை. இன்னா, வூட்டு உள்ள வருவியா, இல்ல விசா கேப்பியா?"

அவன் மகள் தன்யாவுக்கு மூன்று வயது. பேசிக்கொண்டிருக்கும்போது ஓடிவந்து அவன் மடியில் ஏறியது. இரண்டு கையாலும் அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பியது. முகம் நேரே வந்தபிறகுதான் பேச ஆரம்பித்தது, பிஸ்கட் வேண்டுமாம். அவன் மனைவியிடம் போனபோது அப்படிச் செய்யவில்லை. முதுகைப் பார்த்தே கத்தியது.

"எஜமானியம்மா," என்றான் தேசிங்கு பெருமையாக. "மூஞ்சி பாத்துதான் பேசுவாங்கோ."

ஆஸ்பத்திரிக்கு மறுநாள் அவன் பைக்கில் போவதாக ஏற்பாடு.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி. ஏதோ கம்பெனி பஸ் வந்து இறக்கியிருந்தது, வராண்டா முழுக்க யூனிஃபார்ம் பையன்கள். ஒருத்தன் கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். எனக்குச் சொந்த ஊருக்கு வந்துவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

ரிசப்ஷனில் கேட்டார்கள்: "எந்த கம்பெனி சார்?"

"கம்பெனி இல்லைங்க. நானேதான் வந்தேன்."

"நீங்களேவா?" பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். "ஃபிட் சர்டிஃபிகேட்டுக்கா, இல்ல டெஸ்ட்டுக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இங்க இல்ல சார்."

கூண்டில் உட்கார்ந்தேன். டெக்னீஷியன் சிஸ்டர் ஹெட்போனை மாட்டிவிட்டு, "பீப் கேட்டா பட்டன அமுக்குங்க, சின்னதா கேட்டாலும் அமுக்குங்க" என்று அவசரமாகச் சொல்லிவிட்டுப் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்துகொண்டு தேசிங்கு.

சத்தியமாகச் சொல்கிறேன், நாங்கள் எதுவும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அவன் கட்டை விரல் கீழே போனது. என் விரல் அமுங்கியது. அவன் காட்டினான், நான் அமுக்கினேன். நாலு வருஷப் பழக்கம், மூளை வரைக்கும் போகவே இல்லை. பிரஸ் லைன் ஓடுவது மாதிரி சரளமாக ஓடியது. முடிந்ததும் தேசிங்கு எனக்கு ஒரு கண்ணடித்தான்.

4

டாக்டர் மாஸ்க் போட்டிருந்தார். வரைபடத்தைப் பார்த்துக் குனிந்தபடி ஏதோ சொன்னார்.

நான் தலையாட்டினேன். பக்கத்தில் தேசிங்கும் தலையாட்டினான்.

மறுபடி ஏதோ சொன்னார். மறுபடி இரண்டு பேரும் தலையாட்டினோம்.

டாக்டர் நிமிர்ந்தார். மாஸ்க்கை இறக்கினார். "எவ்ளோ நாளா கேக்கலன்னு கேட்டேன். அதுக்கு ஏன் ரெண்டு பேரும் ஆமா ஆமான்னு ஆட்றீங்க?"

அவர் வரைபடத்தைத் தூக்கிப் பிடித்தார். "இது பொறந்த கொழந்தை காது. இதுக்குச் சொந்தக்காரர் நீங்கதானா?"

அந்த நிமிஷம் எனக்கு முதலில் வந்தது பெருமை. அன்ஃபிட் ஆகவில்லை. இரண்டாவதாக வந்ததுதான் பயம். இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நான் ஜெர்மனிக்குப் போவேன். பரீட்சை ஹாலில் ஸ்பீக்கர் வாய் கொப்பளிக்கும். அங்கே தேர்வு நடத்துகிறவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்துகொண்டு எந்தத் தேசிங்கும் நிற்க மாட்டான்.

"டாக்டர், திரும்ப எடுக்கலாமா? இவன் வெளிய இருக்கட்டும்."

"டேய்," என்றான் தேசிங்கு.

டாக்டர் சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. "இந்த ரோட்ல இருக்கற காதெல்லாம் பேப்பர்ல நல்லாதாம்ப்பா இருக்கு" என்றார். "எழுந்து வந்து திரும்ப எடுங்கன்னு கேட்ட மொத ஆள் நீதான்."

இந்த முறை நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார்கள். ஹெட்போனுக்குள் முதலில் சில பீப்கள், கொழுகொழுவென்று, பஸ் ஹாரன் ஜாதி. அமுக்கினேன். அப்புறம் மெலிந்துகொண்டே போய் நின்றுவிட்டது. காத்திருந்தேன். என் மூச்சு கேட்டது, சட்டைக் காலர் ஹெட்போனில் உரசுவது கேட்டது. சிஸ்டர் டீ குடிக்கப் போய்விட்டார் போல என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். அவர் அங்கேயேதான் இருந்தார். மெஷின் பட்டனை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார்.

புது வரைபடத்தில் கோடு பாதி தூரம் ஒழுங்காக வந்து, அப்புறம் மாடிப்படியில் தடுக்கி விழுந்தவன் மாதிரி இறங்கியிருந்தது.

டாக்டர் மாஸ்க்கை இறக்கியே வைத்துக்கொண்டு விளக்கினார். கனமான சத்தமெல்லாம் எனக்குக் கேட்கும். ஸ, ஷ, ஃப மாதிரி காற்றில் கரைகிற மெல்லிய சத்தங்கள்தான் போய்விட்டன. தமிழில் ஆள் முகத்தைப் பார்த்து இட்டு நிரப்பிக்கொள்கிறேன். ஜெர்மன் முழுக்க அந்தக் காற்றுதான். "போனது திரும்ப வராது. மிஷின் வெச்சா கேக்கும். தேர்வுக்குத் தனி ஹெட்போன் கேக்கறதுக்கு லெட்டர் தரேன்."

நம்புவீர்களா தெரியாது, வெளியே வரும்போது எனக்குக் கூத்தாட வேண்டும் போல இருந்தது. காது போய்விட்டது, உண்மைதான். ஆனால் நான் மக்கு இல்லை.

5

இதை எழுதும்போது ஃபிரிட்ஜைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறேன், வேண்டுமென்றே. என்ன ஒரு கேவலமான சத்தம் தெரியுமா. கொசுவுக்குத் தொண்டை கட்டினால் இப்படித்தான் இருக்கும். கீழ் வீட்டு அம்மா மேலே வருவதற்குள் மூடிவிட வேண்டும்.

இரண்டு காதுக்குப் பின்னாலும் வேர்க்கடலை அளவில் ஒவ்வொரு காது மிஷின் உட்கார்ந்திருக்கிறது. வாங்கப் போனபோது இங்கேயும் ஒரு டெஸ்ட் எடுத்தார்கள். டெஸ்ட் எடுத்த பெண் சொல்வதற்கு முன்னாலேயே நாற்காலியை நானே சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். இந்தியாவில் இதுதான் முறையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மேனேஜரிடம் சொல்லத்தான் இரண்டு நாள் பிடித்தது. நமக்கு மெடிக்கல் என்றால் ஃபிட், இல்லையென்றால் வீடு. அவர் கேட்டுவிட்டு, மீட்டிங்கில் நான் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வசதி என்று கேட்டார். அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். மொழிப் பிரச்சினை இல்லை.

பரீட்சை அடுத்த வாரம். ரயில் பிளாட்பாரப் பெண்ணைப் பயிற்சிப் பதிவில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் பிரமாதமாகத்தான் பேசுகிறாள், பாவம். இத்தனை நாள் அவளைத்தான் திட்டினேன்.

6

தேசிங்கைப் பாதியில் விட்டுவிட்டேன், இல்லையா.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு எதிரில் டீ குடித்தோம். அவன் உர்ரென்று இருந்தான். நான் அவனை வெளியே போகச் சொன்னது பொறுக்கவில்லை.

"உனுக்கு உதவி பண்ணா, டாக்டர் எதுக்க மானத்த வாங்கற."

"நீயும் ஒருதடவ எடுத்துடு மச்சி."

"எனுக்கு இன்னா? எனுக்கு நல்லா கேக்குது. நீ பேசறது கேக்கல?"

டீ கிளாஸைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டேன். சாதாரணக் குரலில், "உம் பொண்ணுக்கு எந்த ஸ்கூல்ல சேக்கப் போற?" என்று கேட்டேன். லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"ஆமா," என்றான் தேசிங்கு.

கிளாஸை இறக்கிவிட்டுக் கேள்வியை மறுபடி கேட்டேன். அவன் டீயைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

"உனுக்கு இன்னாடா," என்றான் கடைசியில். "நீ அங்க ஏசி ரூம்ல குந்திகினு கீற. எனுக்கு அன்ஃபிட்னு எழுதிட்டான்னா ஷாப்ப வுட்டுத் தூக்கி ஸ்டோர்ல போட்ருவான். நட்டு எண்ணிகினு இருக்கணும். என் லைனு நிக்காதுன்னு நான் யார் கிட்ட சொல்றது?"

"கம்பெனிக்கு யாரு சொல்லப் போறா? உனக்குத் தெரியறதுக்குத்தான்."

"தெரிஞ்சி?"

கண்ணில் பட்டதைச் சொன்னேன்: "தன்யா உன் தாடையப் புடிச்சுத் திருப்புதே. உன் பொண்டாட்டிய அது அப்படித் திருப்பறதில்ல மச்சி. பாத்தியா நீ?"

அவன் பாதி டீயை அப்படியே கீழே ஊற்றினான். அடிப்பான் என்று நான் நினைத்தேன். அவன் ரோட்டைக் கடந்து ஆஸ்பத்திரிக்குள் போனான்.

ரிசப்ஷனில், "டெஸ்ட்டுக்கு" என்றான். அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே.

சிஸ்டர் நாற்காலியைத் திருப்பப் போனபோது மட்டும் விடவில்லை. "இப்டியே இருக்கட்டும்மா, செவுத்தப் பாத்து குந்துனா எனுக்கு ஒரு மாரி கீது." கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தான். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அவருக்குப் பின்னால், அவன் காலையில் சாய்ந்து நின்ற அதே சுவரில் நின்றேன்.

பஸ் ஹாரன் ஜாதி பீப்களுக்கு அமுக்கினான், என்னைப் பார்க்காமலேயே. அப்புறம் விளக்கு எரிந்தது. அவன் விரல் அசையவில்லை. மறுபடி எரிந்தது. அவன் கண் மெல்ல என் கைக்கு வந்தது.

என் கட்டை விரல் பாதி இறங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. கையை இழுத்துப் பேன்ட் பாக்கெட்டில் விட்டேன். இன்னொரு கையையும் விட்டேன்.

அவன் உதடு அசைந்தது. கண்ணாடிக்குப் பின்னால் சத்தம் வராது, ஆனால் அது என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும். அவன் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் வார்த்தை அதுதான்.

விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டான். தலையைச் சாய்த்து, ஹெட்போனை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உண்மையாகவே கேட்டுப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். சிஸ்டர் குமிழைத் திருகிச் சத்தத்தை இன்னும் ஏற்றினார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

பட்டனை மடியில் வைத்தான். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான். குறுக்காக வைத்தான்.

"இன்னா சார் பண்றாரு அவரு?" சிஸ்டர் பதறிவிட்டார். "மூச்சு முட்டுதா?"

"இல்ல சிஸ்டர். லைன நிறுத்தறான்."

அவருக்கு எதுவும் புரியவில்லை. நான் விளக்கிக்கொண்டு நிற்கவில்லை. கூண்டுக் கதவு கனமானது, இரண்டு கையாலும் இழுத்துத் திறந்து உள்ளே போய் அவன் பக்கத்தில் நின்றேன். அவன் கையை இறக்கினான். காரணம் கேட்கக் கூடாது, அதனால் கேட்கவில்லை. அவனே எழுந்து நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டான்.